மஞ்சள் பானைக்கு முன்னால்

முகாம், சத்தீஸ்கர்
9-6-2024

அக்காவுக்குக் குத்தாலம் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைக் கட் பண்ணினாயா, டவர் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. டவர்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த முகாமில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறி நின்று சண்டை போடுவதைவிட எழுதிப் போடுவது மேல். ரேஷன் வண்டி வாரம் ஒரு தடவை தபாலை எடுத்துக்கொண்டு போகிறது.

கோயிலில் பூ கேட்டதில் உன் பெயருக்குச் சிவப்பு அரளி வந்ததை ஆவுடையப்பன் அண்ணாச்சி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கூடப்பிறந்தவள் சொல்லவில்லை, கோயில் தலைவர் சொன்னார். அம்மா நின்ற இடத்துக்கு முப்பிடாதி அம்மன் உன்னைக் கேட்டிருக்கிறாள். நீயோ வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாயாம்.

நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆடிக் கொடைத் திருவிழாவில் மஞ்சள் பானைக்கு முன்னால் அம்மாதான் நின்றாள். தளதளவென்று கொதிக்கிற மஞ்சள் தண்ணீரில் கமுகம்பாளையை முக்கி முக்கித் தோளிலும் முதுகிலும் அடித்துக்கொள்வாள். கடைசியில் ஒரு செம்பு மொண்டு கழுத்தோடு ஊற்றுவாள். ஊரே குலவை போடும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. போன வருஷம் அம்மா போன துட்டி நம் வீட்டில், அதனால் யாரும் நிற்கவில்லை. பானை வெறுமனே கொதித்து அடங்கியது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே என் வேலை என்ன என்று நீ கேட்டதில்லை. காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் ஒருத்தன் ரோட்டில் முன்னே நடக்க வேண்டும். கண்ணிவெடிக்கு மண் கிளறியிருக்கிறதா, வயர் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். முறை வைத்து நடக்கிறோம். என் சட்டைப் பையில் அம்மா கொடுத்த மஞ்சள்காப்புப் பொட்டலம் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் சுடாதவள் பெற்ற பிள்ளை, எனக்கு ஒன்றும் ஆகாது என்று கூட இருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பானைக்கு முன்னால் நம் வீட்டு ஆள் இல்லையென்றால் நான் எதை நம்பி நடப்பது?

நீ நின்றே ஆக வேண்டும்.

குத்தாலம்


தென்காசி
20-6-2024

குத்தாலத்துக்கு,

டவர் இல்லை. நான்தான் கட் பண்ணினேன்.

பூ விழுந்ததை உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ இப்படி ஒரு கடிதம் எழுதுவாய் என்று தெரியும். நான் தீக்காய வார்டில் வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாம்பார் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட பிள்ளை, வெந்நீர் அண்டாவில் கை விட்ட கல்யாண வீட்டில் சமைக்கிற தவசுப்பிள்ளை எல்லாரும் எங்களிடம்தான் வருகிறார்கள். கொதிக்கிற தண்ணீருக்குக் குலம் கோத்திரம் தெரியாது. பூ சிவப்பா வெள்ளையா என்றும் கேட்காது.

பாளையால் அடித்துக்கொள்வது பெரிய ஆபத்தில்லை. தண்ணீர் துளித்துளியாகத் தெறித்து மேலே விழுவதற்குள் பாதிச் சூடு போய்விடும். அந்தச் செம்புதான் ஆபத்து. அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்குச் சாமி வந்ததே இல்லை. கொட்டு உச்சத்துக்குப் போகும்போது அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். எனக்குத் தலைவலி வரும். தலைவலிக்காரியை எந்த அம்மனாவது கூப்பிடுவாளா? பூ எடுத்துக் கொடுத்த பிள்ளை அவசரத்தில் எதையோ எடுத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

உன் அத்தானைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லும் ஒரே கருத்து அதுதான்.

அம்மா போன அன்றைக்கு நீ இல்லை. பதினாறுக்குத்தான் வந்தாய். லீவ் கிடைக்கவில்லை என்றாய், நம்பினேன். நான் நிற்க முடியாது என்கிறேன், நீயும் நம்பு.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. ரோடெல்லாம் வெளியூர்க் கார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி டூட்டி முடிந்துவிடுகிறது.

சங்கரேஸ்வரி


முகாம்
1-7-2024

அக்காவுக்கு,

லீவ் விஷயத்தை இழுக்காதே. லீவ் சீட்டோடு மூன்று நாள் ஹெலிகாப்டருக்குக் காத்துக்கொண்டு கிடந்தவன் நான். மழை விடவில்லை. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை.

தலைவலி, துளி, சூடு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். நர்ஸ் படிப்புக்கு முன்னால் நீயும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோயிலில் நின்றவள்தான். பயம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எனக்கும் பயம் தெரியும். இங்கே தினமும் காலையில் அதோடுதான் பல் தேய்க்கிறேன். ஆனால் பயத்துக்குப் படிப்பைச் சாக்குச் சொல்லக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தனை வருஷம் நின்றாளே, அம்மா உடம்பில் ஒரு கொப்புளம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? ஒரே ஒரு கொப்புளம்? எழுது, பார்ப்போம்.

குத்தாலம்


தென்காசி
10-7-2024

குத்தாலம்,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பார்த்திருக்கிறேன். அம்மா நின்ற கடைசிக் கொடை அன்றைக்கு. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுத்தேன். இடது தோளிலிருந்து முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் உனக்கே தெரியும். சுட்டுவிட்டது என்றால் விரதம் தப்பிவிட்டது என்பார்கள் நம் ஊரில். எங்கே தப்பினாள், எதைத் தின்றாள், யார் வீட்டுக்குப் போனாள் என்று கிளறுவார்கள். அவள் ஒரு விரதமும் தப்பவில்லை. அடுப்படியில் கூட இருந்த எனக்குத்தானே தெரியும். தினமும் டூட்டி முடிந்து போய்க் கட்டு மாற்றினேன். புரட்டாசிக்குள் ஆறிவிட்டது. கார்த்திகையில் அவள் போனது நெஞ்சுவலியில். நீ அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். ஆறின புண்ணால் அவள் சாகவில்லை.

கட்டு மாற்றும்போது ஒருநாள் கோபத்தில் கேட்டேன், உன் அம்மன் எங்கே போயிருந்தாள் என்று. அம்மா கவிழ்ந்து படுத்தபடியே சொன்னாள்: "சுடாதுன்னு அவ எங்கிட்ட என்னைக்கும் சொன்னதில்லட்டி. வா, நான் கூட நிக்கேன்னுதான் சொல்லுவா. நின்னா."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "குத்தாலத்துக்கிட்ட சொல்லாத. அவன் அங்கன இதை நம்பித்தான் நடக்கான்."

இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது அந்த வாக்கை மீறிவிட்டேன். உனக்குத் தெரியாமல் இருந்தால் நீ என்னை அந்தப் பானைக்கு முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பாய்.

எனக்குப் பயம்தான். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், போதுமா?

சங்கரேஸ்வரி


முகாம்
19-7-2024

அக்கா,

நீ எழுதியது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ பொய் சொல்லமாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

குத்தாலம்


முகாம்
21-7-2024

அக்காவுக்கு,

முந்தின கடிதம் கிளம்பியதா என்று தெரியவில்லை. கிளம்பியிருந்தால் அதை மறந்துவிடு.

நேற்று முன்னே நடக்க வேண்டிய முறை என்னுடையது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. என் இடத்தில் ஜெபசிங் போனான். நாசரேத் பையன், போன தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டான். வந்தவன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பொட்டலத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். அம்மாமேல் கோபமா, அம்மன்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சுடும் என்று தெரிந்துகொண்டே சிரித்தபடி எனக்கு அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நீ போகாதே. ஊர் என்ன பேசினாலும் பேசட்டும், அண்ணாச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவும் போன பிறகு எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். நின்றே ஆக வேண்டும் என்று எழுதியவனே சொல்கிறேன், பானைப் பக்கம் போகாதே.

குத்தாலம்


தென்காசி
30-7-2024

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். அதுவும் நல்லதற்குத்தான்.

இன்றைக்குக் கோயிலில் கொடைக்குக் கால்நாட்டு. அடுத்த வாரம், ஆடி மூன்றாம் செவ்வாய், கொடை. கையில் காப்புக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முடியாது என்று கடைசியாகச் சொல்லிவிடத்தான் போன வாரம் கோயிலுக்குப் போனேன். அண்ணாச்சி வருவதற்குள் நடையில் தனியாக நின்றேன். இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொள், நான் இதற்கு ஆள் இல்லை என்று அம்மனிடமே சொன்னேன். என் வாழ்க்கையில் அவளோடு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஒரு பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி வந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சரிம்மா, ஆள் இருக்கு என்றார். சித்தப்பா மகள் வேல்விழி. பூ கேட்டபோது அவள் பெயரும் இருந்தது. அவள் அங்கேயேதான் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம். "பெரியம்மாவுக்குச் சுடாதப்ப எனக்கு மட்டும் எப்படிக்கா சுடும்?" என்று சிரித்தாள். செல்போனில் படம் எடுக்க ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டாளாம்.

குத்தாலம், அந்தப் பிள்ளைக்குச் சுடும் என்று யாருமே சொல்லவில்லை. சுட்டால் அவளும் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் வீட்டில் நர்ஸ் கிடையாது. விரதம் தப்பினவள் என்ற பேரோடு அவளுக்கு மாப்பிள்ளை வேறு பார்க்க வேண்டும். சுடும் என்று தெரிந்தவள் நம் குடும்பத்தில் நான் ஒருத்திதான். தெரிந்தவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தெரியாதவளை அனுப்புவதா?

நானே நிற்கிறேன் என்றேன். அம்மனிடம் இன்னொருத்தியைக் கேட்டேன், கொண்டுவந்து காட்டினாள், அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இதுதான் பதிலோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அண்ணாச்சியிடம் ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். சுட்டால் நான் மறைக்கமாட்டேன், நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "அப்படிச் சொல்லிட்டு இதுவரை யாரும் நின்னதில்லையேம்மா" என்றார். அப்படியானால் நான்தான் முதல் ஆள் என்றேன்.

வார்டில் என்னோடு வேலை பார்க்கிற கிறிஸ்டியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் ஜெபம் பண்ணுதேன். களிம்பும் எடுத்து வைக்கேன்" என்றாள்.

இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் கொடை முடிந்திருக்கும். அதனால் நீ தடுக்க முடியாது. தெரிந்துதான் இன்றைக்குப் போடுகிறேன்.

அக்கா


தென்காசி
9-8-2024

தம்பிக்கு,

வலது கையால் எழுதுகிறேன், வலது கைக்கு ஒன்றும் இல்லை. இதிலிருந்தே நீ புரிந்துகொண்டிருப்பாய்.

கொடை அன்று காலையில் தீர்த்தம் எடுக்கக் குற்றாலம் போனோம். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அண்ணாச்சி அரைமணி நேரம் வாதாடிக் குடத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினார். அங்கிருந்து தலையில் குடத்தோடு நடந்தேன். காரில் போகிறவர்கள் ஜன்னலை இறக்கிக் கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னைக் கும்பிடாதீர்கள், எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது.

மதியக் கொடை. கொட்டு உச்சத்துக்குப் போனது. சாமி வந்ததா என்று நீ கேட்பாய். நடுக்கம் வந்தது. அது சாமியா பயமா என்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பானையைப் பார்த்தேன். அந்தக் கொதி எந்த அளவுக்குத் தோலை எடுக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பாளையால் அடித்துக்கொண்டேன். நான் உனக்கு எழுதினபடியே, அது பெரிதாகச் சுடவில்லை. பிறகு செம்பை எடுத்தேன். மொண்டேன். இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியதும் உண்மை.

ஊற்றினேன். சுட்டது.

அதே இடது தோள். கத்தவில்லை, ஏன் கத்தவில்லை என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் கட்டுப் பிரிக்கும்போது ஒரு நர்ஸ் பிரிப்பாள், இன்னொருத்தி நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொள்வதால் வலி கொஞ்சமும் குறையாது, அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் கையை விடமாட்டார்கள். அந்த நேரத்தில் என் கையை அப்படி யாரோ பிடித்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நாலடி தள்ளித்தான் நின்றார்கள், வேல்விழி எடுத்த படத்திலும் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வார்டில் இத்தனை வருஷம் நான் பிடித்த கைகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

உடனே தீர்த்தக் குடத்தை எடுக்கச் சொல்லி, மிச்சமிருந்த அருவித் தண்ணீரைத் தோளில் விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். தீக்காயத்துக்கு முதல் வேலை குளிர்ந்த தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. ஜனங்கள் இதையும் சடங்கு என்று நினைத்து இரண்டாவது தடவை குலவை போட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து இது வழக்கமாகிவிடும் பார். ஆகட்டும். நல்ல வழக்கம்தான்.

பிறகு சொன்னபடியே எல்லாருக்கும் முன்னால் ஆட்டோவில் ஏறினேன். ஒரு பெண்பிள்ளை என்னமோ முணுமுணுத்தாள். விரதம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. திரும்பிப் போய், நான் விரதம் தப்பவில்லை, தண்ணீர் கொதித்தது, சுட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வார்டிலேயே படுக்கவைத்துக் கிறிஸ்டி கட்டுப் போட்டாள். ஜெபம் பண்ணினாயா என்று கேட்டேன். பண்ணினதால்தான் இத்தோடு போயிற்று என்றாள். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் ஆவுடையப்பன் அண்ணாச்சி பழத்தோடு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கட்டிலைச் சுற்றி இருந்த திரையை இழுத்து மூடினார். சட்டைப் பட்டனைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். பழைய தழும்பு, சுருக்கம் விழுந்து. அவரும் ஒரு காலத்தில் மாடன் கோயிலில் நின்றவர்தானே. எந்த வருஷம் என்று கேட்டேன். பட்டனைப் போட்டுக்கொண்டு, "வேல்விழிகிட்ட சொல்லிராத" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அப்ப அடுத்த வருஷமும் நீங்களேதானாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா உன்னிடம் மறைத்தது உன்னை ஏமாற்ற இல்லை. சுடாது என்று அவள் வாயால் உனக்குச் சொல்லியிருக்கிறாளா? யோசித்துப் பார். நாம்தான் அப்படி வைத்துக்கொண்டோம்.

உன்னை நட என்றோ நடக்காதே என்றோ நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த ரோடு தெரியாது.

அக்கா


முகாம்
19-8-2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலில் ஜெபசிங்கிடம் படித்துக் காட்டினேன். அவனிடம் அதற்கு முன்னால் காய்ச்சல் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "தெரியும் அண்ணே, நெத்தி சில்லுன்னு இருந்துச்சு" என்றான். தெரிந்துகொண்டேதான் டீ கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

நீ கேட்டபடி யோசித்துப் பார்த்தேன். பொட்டலத்தைக் கொடுக்கும்போது அம்மா சொன்னது, "இதை வச்சுக்கோ, தனியாப் போறோம்னு இருக்காது" என்பதுதான். அதைச் சுடாது, வெடிக்காது என்று நான்தான் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் என் முறை. ஜெபசிங் நான் போகட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். பெட்டிக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தேன். மழையில் ரோடு முழுக்கக் கிளறிப் போட்ட மாதிரிதான் கிடந்தது. எதைப் பார்த்தாலும் வயர் மாதிரி இருந்தது. முன்பு இந்த ரோட்டில் நான் இவ்வளவு பயந்ததில்லை. இவ்வளவு கவனமாகப் பார்த்ததும் இல்லை.

முன்னால் நடக்கிறவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது இங்கே விதி. பாலம் தாண்டும் இடத்தில் யாரோ ஒட்டி நடந்து வருகிற மாதிரி இருந்தது. கூட வருகிறவர்கள் தூரத்தில்தான் வருவார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வண்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. நாளைக்கு வேறு ஆள், வியாழக்கிழமை மறுபடியும் நான்.

தோள் எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

குத்தாலம்